மங்கிய வெளிச்சத்தில் படம் பிடிப்பது: பீச் ரோட்டில் என்னிடம் கேட்கப்பட்டவை

மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் அடுத்தவர் வீட்டு விசேஷம். மற்ற சாயங்காலங்களில் கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். மறுநாள் காலை 7.30 வரை சாலை முழுக்க நடப்பவர்களுக்குத்தான். அங்கே ஸ்டாண்டை விரித்த ஐந்தாவது நிமிடம் யாராவது பக்கத்தில் வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, போனை நீட்டி, “இது ஏன் இப்படி வருது?” என்று கேட்பார். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு அங்கே சரியாகப் பதில் சொல்லவில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. அவற்றையும் திருத்தியிருக்கிறேன்.

ராத்திரியில் எடுத்தால் மட்டும் என் படம் கலங்கலாக வருகிறது. ஏன்?

‘கலங்கல்’ என்று நாம் சொல்வதில் நான்கு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெருவிளக்கு, சுவர், ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இருக்கும் போகன்வில்லாச் செடி கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. எதுவும் இழுபடாமல், படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் அதுதான் நாய்ஸ்.

இருட்டில் கேமரா செய்வது இரண்டே காரியம். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும், அல்லது கிடைத்த கொஞ்ச ஒளியின் சமிக்ஞையை மின்னணு முறையில் பெருக்கும். முதலாவதில் ஆட்டம் பதிகிறது. இரண்டாவதில் புள்ளிகள் வருகின்றன. எல்லோரும் புள்ளிகளுக்குப் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் புள்ளி மன்னிக்கக்கூடிய குற்றம். ஆடிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. என்னிடம் காட்டப்பட்ட கெட்டுப்போன இரவுப் படங்களில் பெரும்பாலானவை ஆட்டத்தால் கெட்டவை. கீழே நான் சொல்லும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

போனில் உருப்படியாக வருமா, இல்லை கேமராதான் வேண்டுமா?

அசையாத காட்சி என்றால் இன்றைய போன் அசத்திவிடும். 2018-இல் கூகுள் பிக்ஸல் போன்களில் ‘நைட் சைட்’ வந்தது. அடுத்த வருடம் ஐபோன் 11-இல் நைட் மோடு வந்தது. இப்போது நடுத்தர விலைப் போன்களிலும் அது இருக்கிறது. நீங்கள் ஒரு முறை தட்டுகிறீர்கள், அது பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. உண்மையான ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், புள்ளிகள் மட்டும் இடம் மாறி மாறி விழும். அதனால் 9 படங்களைச் சேர்த்தால் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

எனவே தட்டியதும் கையை இறக்கிவிடாதீர்கள். வட்டம் சுற்றி முடியும்வரை போனை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அப்புறம், 1எக்ஸ் என்று போட்டிருக்கும் முதன்மைக் கேமராவிலேயே எடுங்கள். அகலமான 0.5-க்கு மாறினால் பெரும்பாலான போன்களில் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு, சின்னது. அதனால் குறைந்த ஒளி. பெரிதாக்கினாலும் இருட்டில் பல போன்கள் ஜூம் லென்ஸைத் தொடாமல் முதன்மைப் படத்தையே வெட்டிக் கொடுக்கும். அதற்கு நாலு அடி முன்னால் நடந்து போகலாம்.

ஓடும் குழந்தை, ஆடும் கரகாட்டக்காரர் என்றால் நைட் மோடு கைவிரிக்கும். அப்போது அதை அணைத்துவிட்டு, ஆள் விளக்கடிக்கு வரும் நொடியில் தட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். விளக்கிலிருந்து ஈட்டிபோல் ஒளிக்கோடு கிளம்பும் படத்தைக் காட்டி “கேமரா போச்சு” என்றவர்களில் பாதிப் பேருக்கு வேட்டி முனையால் துடைத்துக் கொடுத்தே சரிசெய்திருக்கிறேன். சுண்டல் தின்ற விரலும் கடல் காற்றும் சேர்ந்தால் கண்ணாடிமேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படியும்.

கையில் 20 ஆயிரத்துக்குள்தான் இருக்கிறது. புது கேமராவா, லென்ஸா?

லென்ஸ். யோசிக்கவே வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ், நீளமான முனையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் என்பது லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண், எண் சின்னதானால் திறப்பு பெரிது. நம் ஆட்கள் ‘பிஃப்டி’ என்று அழைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ, அதாவது மேலே சொன்ன பெருக்கலின் அளவு, கிட் லென்ஸில் 6400 கேட்கும் அதே காட்சியை பிஃப்டியில் 640-இல் எடுத்துவிடலாம். புது கேமரா உடலுக்கு எவ்வளவு செலவழித்தாலும் ஒரே தாவலில் இந்த வித்தியாசம் வராது.

ஒரு குறை உண்டு. சின்ன சென்சார் கேமராவில் 50 மி.மீ. கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும். குறுகலான வீட்டுக்குள் பின்னால் நகர இடம் இருக்காது. வீட்டு விசேஷம்தான் அதிகம் என்றால் 35 மி.மீ. எஃப் 1.8 பாருங்கள்.

ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு வைக்க வேண்டும்?

இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று உங்கள் கைக்கு, மற்றது எதிரே இருப்பவருக்கு.

கைக்கான கணக்கு பழையது. லென்ஸின் மி.மீ. எத்தனையோ அதைக் கீழே போட்டு மேலே ஒன்று வையுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி. சின்ன சென்சார் என்றால் ஒன்றரை மடங்கு கூட்டி 1/80. ஆட்டம் தாங்கும் வசதி லென்ஸிலோ உடலிலோ இருந்தால் இதைவிட மெதுவான ஷட்டருக்கும் இறங்கலாம்.

ஆனால் அந்த வசதி உங்கள் கையைத்தான் நிறுத்தும், மணமகளை நிறுத்தாது. உட்கார்ந்து பேசுபவருக்கு 1/60, நடப்பவருக்கு 1/125, குழந்தைக்கு 1/250, நாட்டியத்துக்கு அதற்கும் மேல். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றப் பயந்து 1/15-இல் எடுத்தேன். மாலை மாற்றும் படத்தில் மண்டபத் தூண்கள் அவ்வளவு கூர்மை. மாப்பிள்ளைக்கு மட்டும் நான்கு கை. பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மீதிப் பணத்தைக் கொடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

ஐஎஸ்ஓ எவ்வளவு வரை போகலாம்?

ஷட்டரை முதலில் முடிவுசெய்யுங்கள், லென்ஸை முழுக்கத் திறங்கள், ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கிறதோ நிற்கட்டும். 3200 இன்றைய கேமராக்களுக்குச் சாதாரணம். முழு அளவு சென்சார் என்றால் 6400-உம் தைரியமாகப் போகலாம். போன் திரையிலும் 6க்கு 4 பிரின்டிலும் அந்தப் புள்ளிகளை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கினால் பல கேமராக்களில் இன்னும் மோசமான புள்ளிகள்தான் வரும்.

ஸ்டாண்டு இல்லாமல் ஆடாமல் எடுக்க வழி?

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், பிடித்தால் நெஞ்சு படபடப்பது கைக்கு வரும். மூச்சை விட்டு முடிக்கிற இடத்தில், பட்டனைக் குத்தாமல் மெதுவாக அழுத்துங்கள். தொடர்ந்து ஐந்தாறு படம் எடுக்கும் முறையில் வைத்து எடுத்தால் நடுவில் ஒன்றாவது கூர்மையாக விழும். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்ச்சி இருக்கும், அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சாய்வதற்கு ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை. கடற்கரைச் சாலையின் கட்டைச்சுவர்மேல் கைக்குட்டையை மடித்துப்போட்டு அதன்மேல் கேமராவை உட்கார வைத்து, 2 நொடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். காந்தி சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல் தூண்கள் நிற்கின்றனவே, அவற்றைவிட உறுதியான ஸ்டாண்டை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்தும் வைக்கலாம்.

ஸ்டாண்டு வாங்கினால் எது?

எடை குறைவாகவும், உறுதியாகவும், விலை மலிவாகவும் இருக்கும் ஸ்டாண்டு கிடையாது. மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கடற்கரைக் காற்றுக்கு ஒல்லிக் கால் ஸ்டாண்டு தென்னங்கீற்றுபோல் ஆடும். நடுத்தண்டை உயர்த்தாமல், முடிந்தவரை தாழ்வாக வைத்து, கேமராப் பையை நடுவில் தொங்கவிடுங்கள். பை காற்றில் ஊசலாடினால் அதுவே வினையாகும், தரையைத் தொடும்படி விடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றியதும் லென்ஸின் ஆட்டம் தாங்கும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. பழைய லென்ஸ்களில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடி, தானே படத்தை ஆட்டிவிடும்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். கால்களை முதலிலேயே அழுத்தி ஆழமாக ஊன்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். நான் கழுவாமல் விட்ட முதல் ஸ்டாண்டின் பூட்டுகள் இரண்டே மாதத்தில் உப்புப் பிடித்து இறுகிப்போயின.

எந்த நேரத்துக்கு வந்தால் நல்லது?

இருட்டிய பிறகு வராதீர்கள். இருட்டுவதற்கு முன்னால் வாருங்கள். இரவுப் படம் என்று நாம் ரசிக்கிற பலவும் உண்மையில் இரவில் எடுத்தவை அல்ல. சூரியன் மறைந்தபின் வானம் கரு நீலமாகும், தெருவிளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் ஒரே அளவு பிரகாசத்தில் சந்திக்கும். நீல நேரம் என்று சொல்லும் அந்த நேரத்தில் எடுத்தவை அவை. அதற்கு முன்னால் விளக்கு எடுபடாது. அதற்குப் பின்னால் வானம் வெறும் கறுப்பு, விளக்கு வெறும் வெள்ளைப் பொட்டு.

நம் ஊரில் இந்த நேரம் ரொம்பக் குறைவு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து 20 முதல் 25 நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர் வீடியோவில் ஒரு மணி நேரம் நிதானமாக எடுப்பதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனால் போச்சு. நவம்பரில் சூரியன் 5.40 வாக்கில் மறையும். ஜூன் கடைசி, ஜூலையில் 6.35-க்கு மேல் ஆகும். அரை மணி முன்னால் வந்து இடம் பிடித்து, ஸ்டாண்டை நிறுத்தி, ஃபோகஸைச் சரிசெய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் ஊருக்குப் பின்னால்தான் மறைகிறது. சூரிய அஸ்தமனத்தைக் கடலில் எடுக்கலாம் என்று வந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற வேண்டியதில்லை, கடலைப் பார்த்தே நில்லுங்கள். தெளிவான நாளில் கடலுக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு பட்டையும், அதற்குக் கீழே சாம்பல் நீலமாக இன்னொரு பட்டையும் எழும்பும். அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். பூமி தன் நிழலைத் தன் காற்றுமேலேயே போடுகிறது. பழைய கலங்கரை விளக்கத்தை மேற்கே ஒளி மிச்சமிருக்கும்போது கடல் பக்கம் நின்று எடுங்கள், 1836-இல் ஏற்றப்பட்ட அந்தக் கோபுரம் கறுப்பு வரியாக நன்றாக நிற்கும்.

காலையில் எழ முடிந்தவர்களுக்கு இதே காட்சி தலைகீழாக, ஆளில்லாமல் கிடைக்கும். 5.15-க்கு நான் அங்கே நிற்கும்போது நடைப்பயிற்சிக்காரர்களும் நாய்களும் மட்டும்தான்.

வெள்ளை நகரத் தெருக்களில், அதாவது புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியில், எங்கே நிற்பது?

விளக்குக்கு நேர் கீழே ஆளை நிறுத்தாதீர்கள், கண்குழியெல்லாம் கறுப்பாகி மண்டையோடு மாதிரி இருக்கும். விளக்கைத் தாண்டி இரண்டு மூன்று அடி தள்ளி, முகத்தை விளக்கை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். ரோமன் ரோலண்ட் வீதி, டூமாஸ் வீதிப் பக்கம் சுவர்களில் பாதி மஞ்சள் பூச்சு. விளக்கொளி அதில் பட்டுத் திரும்பும்போது முகத்துக்கு மிருதுவான இரண்டாவது விளக்கு கிடைத்த மாதிரி. ஸ்டுடியோவில் ஒளியை மிருதுவாக்கும் இரண்டடி அகலத் துணிக் குடையை என்னென்னவோ விலைக்கு விற்கிறார்கள், இங்கே தெருவே குடை பிடிக்கிறது. கடை வாசல்களும் அப்படித்தான். திறந்திருக்கும் பேக்கரியின் கதவு நல்ல ஸ்டுடியோ விளக்கு. கையில் பிடித்து எடுக்க எஃப் 1.8, 1/60, ஐஎஸ்ஓ 3200-இல் தொடங்கிப் பாருங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், ஐப்பசி கார்த்திகை மழை விட்ட அரை மணி நேரம். ஈரத் தெரு ஒவ்வொரு விளக்கையும் இரண்டாக்கும். தெருவில் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு வைத்துப் பாருங்கள்.

படம் முழுக்க மஞ்சளாக இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பாலன்ஸ் தானியங்கியில் இருந்தால் கேமரா குழம்பும். விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பழைய சோடியம் விளக்கு 2000 கெல்வினை ஒட்டியது, எண்ணெய் விளக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். புது எல்இடி தெருவிளக்கு 5000, 6000 என்று நீலத்துக்குப் போகும். கையால் 3200 அல்லது 3500 வைத்துப் பாருங்கள். முழுக்க வெள்ளையாக்க முயல வேண்டாம். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அம்மா முகம் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுதான் சரி. சோடியம் விளக்கில் எவ்வளவு திருகினாலும் மற்ற நிறங்கள் சரியாக வராது, அந்த ஒளியில் அவை மிகக் குறைவு. அங்கே படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுவேன்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர நிற்பதில்லை.

தானியங்கி ஃபோகஸுக்கு ஒளி வேறுபாடு வேண்டும். இருட்டுச் சுவரில் அது தேடிக்கொண்டே இருக்கும். முகத்தைவிட்டு, அதே தூரத்தில் இருக்கும் விளக்கு விளிம்பு, சட்டைக் காலர், மூக்குக் கண்ணாடி சட்டம் எதையாவது பிடியுங்கள். நடுப் புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் போன் டார்ச்சை ஒரு நொடி அடித்து ஃபோகஸ் பிடித்துவிட்டு, தானியங்கி ஃபோகஸை அணைத்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் நீங்களும் அவரும் நகராமல் இருந்தால் போதும்.

ஃப்ளாஷ் போடலாமா?

கடலுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் போடாதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஃப்ளாஷ் ஒளி கால் பங்காகிவிடும். போனின் விளக்கு இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டாது. அரங்கில் கடைசி வரிசையிலிருந்து பளிச் பளிச் என்று அடிப்பவர்கள் முன்னால் இருப்பவரின் வழுக்கையைத்தான் படம் எடுக்கிறார்கள்.

வீட்டுக்குள், தலை திரும்பும் ஃப்ளாஷ் இருந்தால் கதை வேறு. வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடியுங்கள். கூரை முழுக்கப் பெரிய விளக்காகும். பச்சை பெயின்ட் அடித்த கூரையில் செய்தால் சொந்தக்காரர் எல்லோரும் பச்சையாவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண மண்டபத்தில் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது.

கேமராவில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50-க்கு மாறுங்கள், பெரும்பாலும் பட்டை போய்விடும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு வாருங்கள். மேடைக்குப் பின்னால் இப்போது வைக்கிற எல்இடி திரைகள் தங்கள் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் மின்னும், அவற்றுக்கு ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. சென்ற வருடம் ஒரு மண்டபத்தில் ஊதா, சிவப்பு, பச்சை மூன்றும் மாறி மாறி மணமக்கள் முகத்தில் விழுந்தன. மேனேஜரிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வெள்ளை விளக்கு மட்டும் போட வைத்தேன். ஆல்பத்தில் இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கோடு ஒருவரை எடுக்க வேண்டும்.

சுடரை மையமாக வைத்து ஒளி அளந்தால் முகம் போய்விடும், முகத்தை வைத்து அளந்தால் சுடர் வெள்ளைப் பொட்டாகும். சுடரைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், கன்னத்தை வைத்து அளங்கள். ஒரு அகலுக்குப் பதில் ஐந்தாறு அகல்களைத் தட்டில் சேர்த்து வைத்தால் ஒளி கூடும், நிழலும் மிருதுவாகும். தட்டை முகத்துக்கு நேர் கீழே பிடிக்காமல் சற்று முன்னால் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். நேர் கீழே இருந்தால் நாடகத்தில் வரும் பேய் முகம்தான். கூடத்து டியூப் லைட்டை அணையுங்கள். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போதே வாசலில் எடுத்துவிட்டால் பின்னணிக்குத் தனியாக எதுவும் வேண்டாம். காற்று அடிக்கும் மாதம், அகலைத் திண்ணைக்குப் பின்னால் வையுங்கள்.

நிலா வெறும் வெள்ளை உருண்டையாக வருகிறது.

நிலா மேல் இப்போது அடிப்பது பட்டப்பகல் வெயில். அதை இரவு என்று நினைத்து எடுப்பதுதான் தப்பு. உச்சியில் இருக்கும் முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100 நொடி. அடிவானத்தில் சிவப்பாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம் ஒளி கேட்கும். லென்ஸ் நீளம் முக்கியம். 200 மி.மீ. லென்ஸில்கூடச் சென்சார்மேல் நிலாவின் குறுக்களவு 2 மி.மீ. வராது.

பௌர்ணமிக்கு முதல் நாள் வாருங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் சமயத்தில் நிலா கடலிலிருந்து எழும். முதல் நாள் ஏறக்குறைய 50 நிமிடம் முன்னாலேயே எழுந்துவிடும். அப்போது வானத்திலும் அலையிலும் ஒளி இருக்கும், நிலா கொஞ்சம் மேலே வந்திருக்கும், இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

அலைகள் புகை மாதிரி இருக்கும் படங்கள் எப்படி?

ஸ்டாண்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 15 முதல் 30 நொடி. நீல நேரத்தில் எடுத்தால் ஒளியைக் குறைக்க லென்ஸ்மேல் மாட்டும் கறுப்பு ஃபில்டர்கூடத் தேவையில்லை. பீச் ரோட்டுப் பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்து வெளியேறும் இடம் இதற்குத் தோது. அரை நொடி, ஒரு நொடி என்று வைத்தால் புகைக்குப் பதில் வெள்ளை நூல் மாதிரி வரும். எனக்கு அதுதான் பிடிக்கும், அலைக்கு உயிர் இருக்கும். பாறைமேல் பாசி இருக்கிறது, இறங்காதீர்கள். மேலே நின்றே எடுக்கலாம்.

நட்சத்திரங்கள்?

புதுச்சேரி வெளிச்சத்தில் கஷ்டம். தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் சாமியார்பேட்டைக் கடற்கரை போன்ற இடம் தேவலை. அமாவாசையை ஒட்டி, பிப்ரவரி மார்ச்சில் விடியலுக்கு முன் 4 மணி வாக்கில், பால்வெளியின் அடர்ந்த பகுதி தென்கிழக்கே கடலுக்கு மேல் நிற்கும். எஃப் 3.5 அல்லது அதற்கும் அகலம், ஐஎஸ்ஓ 3200. நொடிக் கணக்குக்கு 500-ஐ லென்ஸ் நீளத்தால் வகுங்கள், சின்ன சென்சார் என்றால் ஒன்றரையாலும் வகுங்கள். 18 மி.மீ.க்கு 18 நொடி வரும், 15 வைத்தால் பத்திரம். கூடினால் நட்சத்திரம் கோடாகும். தனியாகப் போகாதீர்கள்.

வாணவேடிக்கை?

ஸ்டாண்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11, 2 முதல் 4 நொடி. வெடி மேலே ஏறும்போதே திறந்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், அப்புறம் புகைதான்.

கோயிலுக்குள் எடுக்கலாமா?

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தடை இல்லாத இடத்திலும் கருவறைப் பக்கம் நான் கேமராவைத் திருப்பமாட்டேன். வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கிக் காட்டும் ஜோதியைப் பார்க்கப் போகும்போது கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். அந்த வெளிச்சம் படத்துக்கானது என்று எனக்குத் தோன்றியதில்லை.

வெளியே தெருவில் சுவாமி புறப்பாடு இருக்கிறதே. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் வீதி உலா வரும்போது மாடவீதி முனையில் காத்திருந்தால், தீபாராதனை காட்டுகிற சில நொடிகளில் அத்தனை முகங்களும் ஒரே சமயத்தில் ஒளிரும். நான் சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த முகங்களை எடுப்பேன். வயதானவர்கள் திட்டுவார்கள், சரிதான்.

ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனி மூடிவிடுகிறது.

குளிர்ந்த கண்ணாடிமேல் கடற்கரை ஈரக் காற்று பட்டால் வியர்க்கும். துடைத்தால் மறுபடி மூடும். இறங்கியபின் பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் விடுங்கள், கேமரா வெளிச் சூட்டுக்கு வந்துவிடும். அதற்குள் லென்ஸைக் கழற்றி மாட்டினால் ஈரம் உள்ளே போகும். எழுந்ததும் ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்கு ஓடும் விடுதிக்காரர்கள் ராத்திரியே கேமராவைக் குளியலறையில் வைத்துவிடலாம். அங்கே ஏசி எட்டாது, தண்ணீர் படாத உயரமாகப் பார்த்து வையுங்கள்.

உப்புக்கு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசி மூட்டை வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். லென்ஸைக் காக்க யுவி ஃபில்டர் போட்டிருப்பீர்கள். சாரல் இல்லாதபோது, விளக்கு நேராக இருக்கும் இரவுப் படத்துக்கு அதைக் கழற்றுங்கள். விளக்கின் பிம்பம் பச்சைப் பொட்டாக மிதப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேமரா திரையில் பளிச்சென்று இருந்தது, வீட்டில் பார்த்தால் இருட்டு.

இருட்டில் திரை எப்போதும் பிரகாசமாகத்தான் தெரியும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுத்தால் நிறத்தையும் நிழலையும் பிறகு கொஞ்சம் மீட்கலாம்.

ஆனால் எதிர்ப்பக்கத் தவறுதான் அதிகம் பார்க்கிறேன். கேமரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இரவுத் தெருவைக் கொடுத்தால் மங்கலான பகலாக மாற்றித் தரும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

விடிகாலையில் மீன் துறைமுகத்தில் எடுக்க விடுவார்களா?

புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே போகாதீர்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. ஒரு குண்டு பல்பின் கீழே ஐஸ், மீன் செதில், ஈரத் தரை எல்லாமே மின்னும். வெளிச்சம் குறைவு என்று எனக்கு அங்கே தோன்றியதே இல்லை. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், முடிந்தால் பிரின்ட் போட்டுக் கொடுங்கள்.

முதுநகரில் மீன் விற்கும் ஒரு அக்காவை அப்படி எடுத்தேன். ஒரு பக்கக் கன்னமும் மூக்குத்தியும் மட்டும் ஒளியில், மீதி எல்லாம் இருட்டில். எனக்கு அவ்வளவு பெருமை. 12க்கு 8 பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தவர், “என்ன தம்பி, பாதி மூஞ்சியக் காணோம்?” என்றார். பக்கத்துக் கூடைக்காரரும் எட்டிப் பார்த்து ஆமாம் என்றார். ஏழு மணிக்கு வெயில் வந்ததும் கூடையோடு நேராக நிற்கவைத்து இன்னொன்று எடுத்தேன். அதைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறாராம்.